அலைக்குளத்தில் ஊதிய சங்கு

நம் வகுப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு சிறு வயது நினைவை எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பலர் எழுதிவிட்டீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். நான் தாமதித்ததற்குக் காரணம், எதை எடுப்பது என்று தெரியாததுதான். நான்காம் வகுப்பிலிருந்து எல்லாவற்றையும் நாள் போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தினக்காலண்டர் கட்டும் பிரிவில் இருந்தார். நிறம் சரியாக ஒட்டாதது, தாள் மாறிக் கோத்தது என்று கழித்துப் போட்டவற்றில் ஒன்றிரண்டை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஆடி மாதமே எங்கள் வீட்டுக்கு அடுத்த வருஷம் வந்துவிடும். சுவரில் மாட்டாமல் மூலையில் சாய்த்து வைத்திருப்போம். அந்தத் தாள்களின் பின்பக்கம் எழுதத் தோதாக வெறுமையாக இருக்கும். அப்படித் தொடங்கியதுதான் இந்தப் பழக்கம்.

நம் பக்கத்தில் நாள் கணக்கு இரண்டு விதம். காலண்டரில் இருப்பது ஒன்று. தீபாவளிக்கு இன்னும் இத்தனை நாள், தீபாவளி கழிந்து இத்தனை நாள் என்று எண்ணுவது இன்னொன்று. கல்யாணம் பேசுவது, கூரை மாற்றுவது, ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாம் இரண்டாவதைப் பார்த்துத்தான் நடக்கும். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகளும் இந்த மலரைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நான் எழுதப்போவது, நான்காம் வகுப்பு படித்த வருஷம் தீபாவளிக்கும், அதற்காக மூடிய பட்டாசு ஆபீஸ் மறுபடி திறந்ததற்கும் இடைப்பட்ட நாள்களைப் பற்றி. அந்த வருஷம் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. ஆபீஸ் திறந்தது முப்பத்தாறாம் நாள், வெள்ளிக்கிழமை.

அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் மருந்து அறையில் வேலை பார்த்தாள். பட்டாசுத் தொழிற்சாலையைத்தான் ஆபீஸ் என்போம், வெடிக்குள் போகும் பொடியைத்தான் மருந்து என்போம். அறைக்கு நாலு பேர். பருத்திச் சேலை மட்டும்தான் கட்ட வேண்டும். ஊக்கு, கொலுசு, மெட்டி எதுவும் கூடாது. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும் என்பார்கள். பதினொரு வருஷம் தொட்டுத் தொட்டு அம்மாவுக்கு அது கையோடு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் வருவாள். சாயங்காலம் அவள் காது மடலுக்குப் பின்னால் அலுமினியப் பவுடர் மினுங்கும். சோப்புக்கு அது போகாது. தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் நான் துடைத்துவிடுவேன். துணி சாம்பல் நிறமாகும்.

ஆபீஸில் ஆனி மாதம் ஒத்திகை நடக்கும். போர்மேன் மேடைமேல் நின்று கையால் சுற்றும் சங்கை ஊதுவார். சைரனைச் சங்கு என்றுதான் சொல்வோம். ஊதியவுடன் எல்லா அறைகளிலிருந்தும் வெளியே ஓடி, எல்லையில் இருக்கும் கம்பி வேலியைத் தொட வேண்டும். அதற்கான விதிகளை அம்மா பாட்டுப்போல ஒப்பிப்பாள். கையில் எது இருந்தாலும் அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்தவளைத் தேடக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. வேலியைத் தொட்டவுடன் எத்தனையாவது ஆளாக வந்தாளோ அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கடைசி எண் வரும்போது உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்துவிடும்.

அந்த வருஷம் மூன்று முறை ஒத்திகை நடந்தது. மூன்றிலும் முதல் ஆள் அம்மா.

போனஸ் கொடுத்த அன்று, மிட்டாய்ப் பெட்டியோடு ஓர் உறையையும் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பா உள்ளே இருந்ததை எடுத்து, அச்சு எப்படி இருக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் எந்தத் தாளையும் முதலில் அப்படித்தான் பார்ப்பார்.

“வாட்டர் பார்க்கு. நாலு டிக்கெட்டு. எதுக்குக் குடுத்தாக?”

“ஓடினதுக்கு.”

“ஓடினதுக்கா?”

“முதல்ல ஓடினதுக்கு.”

“நான் பத்தொம்பது வருசமா ஒரே எடத்துல நிக்கேன். எனக்கு ஒருத்தனும் ஒண்ணும் குடுக்கலை” என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். நாலு டிக்கெட்டையும் அரிசிப் பானைக்கு மேல் இருந்த சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். தாளில் ஒரு நீல அலையும், வாயைத் திறந்துகொண்டிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் படமும் இருந்தன.

தீபாவளி கழிந்து பதினாறாம் நாள், சனிக்கிழமை, நாங்கள் நாலு பேரும் கிளம்பினோம். நான், நாலு வயதுத் தம்பி, அப்பா, அம்மா. சாத்தூரிலிருந்து அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து காரியாபட்டி. காரியாபட்டியில் அப்பாவின் அக்கா இருந்தார். அத்தை வீட்டில் அன்று தங்கிவிட்டு மறுநாள் மதுரைப் பக்கம் இருந்த அந்த வாட்டர் பார்க்குக்குப் போவதாகத் திட்டம். அத்தைக்கு வெங்காய வியாபாரம். வீடு முழுக்க அந்த வாடை. சாக்கு மேல்தான் நானும் தம்பியும் படுத்தோம். சருகு காலில் ஒட்டியது.

“ஏ புள்ள, ஊர்ப்பட்ட ஆளு குளிச்ச தண்ணியில போயி நீங்களும் குளிக்கணுமாக்கும்?” என்று அத்தை அம்மாவைக் கேட்டார்.

“கம்பெனி குடுத்தது மதினி. போகலைன்னா நல்லா இருக்காது.”

“நல்ல கம்பெனிதான். மேலெல்லாம் பூசிவிட்டதும் அவன். கழுவிட்டு வான்னு அனுப்பினதும் அவன்.”

இப்படிச் சொன்னாரே தவிர, காலையில் எங்களுக்கு முன்னால் அத்தைதான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். டிக்கெட் நாலுதான் என்று அப்பா தயங்கினார். வாசலில் ஓர் உயரப் பலகை வைத்திருந்தார்கள். அதில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். தம்பி கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றான். அத்தை அவன் தலையைத் தடவி, “ஏலே, இன்னும் ஒரு வருசம் வளராம இரு” என்று சொல்லிவிட்டு அவன் டிக்கெட்டில் உள்ளே வந்தார்.

அந்த இடம் இப்போது இல்லை. மூடிவிட்டுத் தரைக்கல் கிடங்கு ஆக்கிவிட்டார்கள் என்று கேள்வி. அன்று அது ஒரு பெரிய தகரக் கொட்டகை. வெயிலோ மழையோ உள்ளே வராது. ஓட்டைகளில் ஒட்டியிருந்த கண்ணாடி நாரிழைத் தகடுகள் வழியாகப் பச்சையாக வெளிச்சம் இறங்கியது. சறுக்கு மரங்கள், குட்டிக் குளங்கள், நடுவில் அலைக்குளம். எல்லாச் சத்தமும் மேலே போய்த் தகரத்தில் முட்டிக் கீழே வந்தது. குளோரின் வாடை மூக்கில் ஏறியது. அம்மா மூச்சை இழுத்துப் பார்த்து, “நம்ம ரூம் வாடை மாதிரி இல்லே?” என்றாள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். பழகிய வாடை.

சேலையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். வாடகைக்கு உடை தரும் இடத்தில் ஒரு பெண் நைலான் உடைகளை எடுத்துப் போட்டாள். எல்லாவற்றிலும் வெள்ளைத் துணியில் எண் தைத்திருந்தது. அம்மாவுடையது எழுபத்தொன்று. என்னுடையது நூற்றுப்பன்னிரண்டு.

“காட்டன்ல இல்லையாம்மா?” என்று அம்மா கேட்டாள்.

“காட்டன் உள்ள விட மாட்டாங்கக்கா.”

“எங்களுக்குக் காட்டன் தவிர வேற உள்ள விட மாட்டாக.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா நைலானைக் காதோரம் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பொறி சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். பதினொரு வருஷமாக அவள் உடம்பில் நைலான் படவில்லை. உடுத்திக்கொண்டு வெளியே வந்தவள் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். “ஏ புள்ள, காலேஜ் போறவ கணக்கா இருக்க” என்றார் அத்தை. குளத்தின் ஓரத்தில் இரும்புக் கைப்பிடி இருந்தது. இறங்குவதற்கு முன் அம்மா அதைத் தொட்டாள்.

சுவரில் ‘ஓடக் கூடாது’ என்று எழுதியிருந்தது. “நல்லா நடத்துறாக” என்றாள்.

ஒரு மணி நேரம் வரை எல்லாம் நன்றாக இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் எழுதி வைத்தது இரண்டு வரிதான். அம்மாவின் தலைமுடி முழுக்க நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது என்று ஒரு வரி. அம்மா தண்ணீரில் உட்கார்ந்து, மிதக்கிற தன் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று இன்னொரு வரி.

அப்பா தம்பியோடு குட்டிக் குளத்தில் இருந்தார். அத்தை ஓரத்தில் சாதப் பையைக் காவல் காத்தார். அம்மாவும் நானும் அலைக்குளத்தில், என் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். என் இடது கை அம்மாவின் வலது கைக்குள் இருந்தது.

அப்போது சங்கு ஊதியது.

அலை தொடங்கப் போகிறது என்று ஊதுவது அது. கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் கூவிக்கொண்டு எங்களை நோக்கி, தண்ணீரை நோக்கி வந்தார்கள். அம்மாவின் விரல்கள் திறந்தன. உதறவில்லை. கையில் இருந்த ஒன்றை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது போல விரித்தாள். பிறகு வருகிறவர்களுக்கு எதிரே, யார்மேலும் இடிக்காமல், முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓடினாள். அவள் முதுகில் இருந்த எழுபத்தொன்று வாசல் வரைக்கும் எனக்குத் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் அலை என் மார்புக்கு வந்தது. இரண்டாவது தலைக்கு மேல் போனது. மூக்கில் தண்ணீர் ஏறி நெற்றி எரிந்தது. மூன்றாவதற்குள் யாரோ ஒரு பெண் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, “யார் பிள்ளை இது? யார் பிள்ளை?” என்று சுற்றிலும் கேட்டாள்.  நான் அழவில்லை. பிறகு என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும்போது, அழவே இல்லை என்பதைத்தான் சொல்வார்கள். அழுகிற அளவுக்கு எனக்குள் எதுவும் வரவில்லை. அவ்வளவுதான்.

அத்தை எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அப்பா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தபோது, “ஏலே தம்பி, உன் பொண்டாட்டி பிள்ளையப் போட்டுட்டு ஓடிட்டாளே” என்றார். அதில் கோபம் இல்லை. அவருக்கு அது வியப்பாக இருந்தது.

அம்மாவைக் காவல்காரர்தான் கண்டுபிடித்தார். கொட்டகைக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறையையும் தாண்டி, சீமைக்கருவேல மரங்களுக்கு முன்னால் ஒரு கம்பி வேலி. அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஈர உடையில் புழுதி ஒட்டியிருந்தது. பாதத்தில் முள் குத்தி ரத்தம் வந்திருந்தது.

“இந்த அம்மா உங்க ஆளுங்களா? இங்கன வரக் கூடாதுன்னு சொன்னா, ஒண்ணு ஒண்ணுங்கிறாங்க. என்ன ஒண்ணுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க” என்றார் காவல்காரர்.

அப்பா அவருக்கு விளக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, “அது அலைக்கு ஊதுறது” என்றார்.

“அலைக்கா?”

“அலை வரப்போகுது, எல்லாரும் வாங்கன்னு ஊதுறாக.”

“சங்கு ஊதினா வாங்கன்னு அர்த்தமா?” என்று அம்மா கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நனைந்து நின்ற என் தலையை, தோளை, கடைசியாக என் இடது கையை. 

எலுமிச்சைச் சாதத்தை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தம்பி இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். அப்பா சிரிப்பதென்று முடிவு செய்துவிட்டார். “மொத ஆளா வந்தாச்சு. அடுத்த வருசம் இன்னும் நாலு டிக்கெட்டு உறுதி” என்றார். அத்தை அதைப் பிடித்துக்கொண்டு பஸ் வரும்வரை விடவில்லை. அப்பா சிரித்தது அம்மாவுக்காக என்று இப்போது தெரிகிறது. அவளை யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்று முந்திக்கொண்டார். ஆனால் அவர் சிரித்ததால் அத்தைக்கு அது கதையாகிவிட்டது. ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் சொன்னார். “சங்குச் சத்தம் கேட்டா எங்க தம்பி பொண்டாட்டி பிள்ளைய வேணாலும் போட்டுட்டு ஓடுவா.” கேட்டவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் கூடவே சிரித்தாள்.

பஸ்ஸில் அப்பா என் காதருகே குனிந்து, “அம்மாகிட்ட இதைப் பத்திப் பேசக் கூடாது, என்ன?” என்றார். தலையாட்டினேன். பேசவில்லை.

பேசியது அம்மாதான். மறுநாள், பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். போர்மேன் எங்கள் தெருவழியாக சைக்கிளில் வந்தார். அம்மா நிறுத்தினாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். வெளியில எங்கயாச்சும் சங்குச் சத்தம் கேட்டாலும் காலு தானா ஓடுது.”

“நல்லதுதானம்மா. உன்னை மாதிரி பத்துப் பேர் இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

“கையில பிள்ளை இருந்தா?”

“இருந்தா?”

“பிள்ளையையும் விட்டுட்டு ஓடுது.”

போர்மேன் யோசித்தார். நல்ல மனிதர். கேள்வியைச் சரியாக வாங்கிக்கொண்டு பதில் சொல்லத்தான் முயன்றார். “ஆபீசுக்குள்ள ஏதும்மா பிள்ளை? பிள்ளையைக் கூட்டிட்டு வந்தா அதுதான் தப்பு” என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா பின்வாசலில் காத்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஊதல். தம்பியுடையது, மஞ்சள் நிறம், உள்ளே ஒரு சிறு உருண்டை உருளும்.

“வாயில வச்சுக்கோ. உன் கையை நான் பிடிச்சுக்கிடுறேன். எனக்குச் சொல்லாம ஊதணும். நான் ஓடுவேன். உன்னையும் இழுத்துட்டு ஓடணும். விட்டுட்டேனா இல்லையான்னு நீ சொல்லு.”

“எங்க வரைக்கும் ஓடணும்?”

“அந்தத் தொட்டி வரைக்கும்.”

தண்ணீர்த் தொட்டி இருபது காலடி தூரத்தில் இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மாவின் உள்ளங்கை சொரசொரவென்று இருக்கும். மருந்து பட்டுத் தோல் உரிந்த இடங்கள் சிராய்போலக் குத்தும். ஊதினேன். விரல்கள் திறந்தன. அவள் மட்டும் தொட்டியைத் தொட்டு நின்றாள்.

“விட்டுட்டேனா?”

“விட்டுட்டீங்க.”

“இன்னொரு வாட்டி.”

அன்று மூன்று முறை. செவ்வாய் மூன்று. புதன்கிழமை மழை, தாழ்வாரத்துக்குள்ளேயே செய்தோம். ஊதலுக்கும் சங்குக்கும் சத்தத்தில் எவ்வளவோ வித்தியாசம். ஆனால் அவள் கைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரு முறை ஐந்து விரல்களையும் கோத்துக்கொண்டாள். இன்னொரு முறை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்ததில் வளையல் பதிந்து தடம் விழுந்தது. ஊதினால் திறந்துவிடும். ஒவ்வொரு முறையும் கேட்பாள், ஒவ்வொரு முறையும் நான் உண்மையைச் சொன்னேன். ஆறு நாளில் பதினெட்டு முறை. காலண்டர் தாளின் பின்பக்கம் பதினெட்டுப் பெருக்கல் குறிகள் இருக்கின்றன.

சனிக்கிழமை அப்பாவிடம் அவள் சொன்னது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது.

“நான் இனிமே ஆபீசுக்குப் போகலை.”

“ஏன்? அங்க என்ன ஆச்சு?”

“அங்க ஒண்ணும் ஆகலை. அங்க பழகினது வீட்டுக்குள்ள வருது. ரெண்டையும் பிரிச்சு வைக்க முடிஞ்சாப் போறேன். இல்லைன்னாப் போகலை. தெறப்பு நாளுக்குள்ள பாக்கேன்.”

“பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே. நீ எதுக்கு இதையே பிடிச்சுட்டு இருக்க?”

“அதான் பிடிக்கலையே” என்றாள் அம்மா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருபத்து நாலாம் நாள். வெயில் இருந்தது. கையைக் கொடுத்தேன். எப்போது ஊதப் போகிறேன் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். ஊதுவதற்கு ஒரு நொடி முன்னால், நான் அம்மாவின் சுண்டு விரலையும் மோதிர விரலையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டேன். ஊதினேன். அவள் விரல்கள் திறந்தன. என் விரல்கள் திறக்கவில்லை. இரண்டு பேரும் தொட்டி வரை ஓடினோம். என் முழங்கால் தொட்டிக் கல்லில் இடித்தது.

“விட்டுட்டேனா?”

“இல்லை.”

அம்மா தன் கையையும் என் கையையும் தூக்கிப் பார்த்தாள். இன்னும் கோத்துத்தான் இருந்தன.

“இன்னொரு வாட்டி” என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு முறைகூட அவள் விடவில்லை. நான் விடவில்லை என்று எழுத வேண்டும்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல வருஷங்கள் யோசித்திருக்கிறேன். விடப்படுவது சலித்துப்போயிற்று என்பது ஒரு காரணம். அம்மா வேலைக்குப் போவதும் போகாமல் இருப்பதும் இதில்தான் நிற்கிறது என்பது எனக்குத் தெரியாது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் முந்தின நாள்தான் அடுப்படியில் நின்று கேட்டிருந்தேன். தெரிந்துதான் பிடித்தேன். தாளில் அன்று போட்ட குறியைப் பார்க்கிறேன். சரி என்ற குறி. பென்சில் நன்றாக அழுந்தியிருக்கிறது.

முப்பத்தைந்தாம் நாள் அப்பாவை நிற்க வைத்துக் காட்டினாள். ஊதினேன், ஓடினோம். “விடலையே” என்றார் அப்பா. “விடலை” என்றாள் அம்மா. அவர் அப்போதும் சிரித்தார். இந்த முறை அவருக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது.

மறுநாள் ஆபீஸ் திறந்தது. அம்மா பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு, செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, மருந்து அறைக்குள் போனாள். அதற்குப் பின் பத்தொன்பது வருஷம் அதே அறை. அவள் அறையில் எதுவும் நடக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். சத்தம் கேட்டு வகுப்பில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடுவீர்கள். எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பீர்கள். நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன் என்று உங்களில் ஒருவர் மலருக்கு எழுதியிருக்கிறீர்கள். தைரியசாலி என்று போட்டிருக்கிறீர்கள். நான் அம்மாவை அங்கே அனுப்பியவள். எழுந்து போய்ப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அப்பா இறந்தபோதும், அம்மா வேலையை விட்டு என்னோடு விருதுநகருக்கு வந்தபோதும் சொல்லவில்லை.

போன மாதம் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வார இறுதியில் சென்னைக்குப் போனோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. ஒரு பெரிய கட்டடத்தின் மேல்தளத்தில், குளிரூட்டிய மண்டபத்துக்குள் வாட்டர் பார்க். மகள்தான் போனில் காட்டிக் காட்டிக் கேட்டாள். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றார் கணவர். அவருக்குப் பழைய கதை தெரியும், அத்தை சொன்ன விதத்தில். அம்மா வருவேன் என்றாள்.

ரயிலில் மகள் அவளிடம் கேட்டாள். “அம்மாச்சி, அலை பெரிசா வந்தா பயப்படுவீங்களா?”

“நான் எதுக்குப் பயப்படப் போறேன்? உன் கையை நான் பிடிச்சுக்கிடுறேன். விட மாட்டேன். உங்கம்மாகிட்டக் கேளு, அதுக்குன்னே பழகி வச்சிருக்கேன்.”

மகள் என்னைப் பார்த்தாள்.

“ஆமா” என்றேன்.

முழங்கால் தண்ணீர்தானே, நான் பக்கத்திலேயே நிற்பேன் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லிவிட இன்னும் ஏழு மணி நேரப் பயணம் இருந்தது. சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் அலைக்குளத்தில் நின்றோம். கணவரும் மகனும் எங்களுக்கு முன்னால் ரப்பர் வளையத்தில் மிதந்தார்கள். அம்மாவின் வலது கையில் மகள். இடது பக்கம் நான், ஒரு முழ தூரத்தில். அம்மா மகளின் கையை இரண்டு தடவை சரிபார்த்துப் பிடித்தாள். அறுபத்தாறு வயது. வாடகை உடை அவள் தோளில் தொங்கியது.

இப்போதெல்லாம் சங்கு ஊதுவதில்லை என்று நினைத்திருந்தேன். ஊதினார்கள்.

நான் அம்மாவின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறந்தது. அதே நொடியில் அவளுடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. தேடவில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அவள் ஓடினாள். நானும் ஓடினேன். எதிரே வந்தவர்களுக்கு இடையில், ஈரத் தரையில், உடை மாற்றும் அறைச் சுவர் வரைக்கும். சுவரைத் தொட்டபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கணவர் மகளைத் தூக்கியிருந்தார். அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விடலை பாத்தியா?” என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. என் மணிக்கட்டை இன்னும் பிடித்திருந்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு குளத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பின்வாசலில் எது நான் பிடித்தது, எது அவள் பிடித்தது என்று இனிமேல் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தாள்களில் சரி என்று போட்ட குறிகளை அப்படியே விட்டுவிடுகிறேன்.

மகள் என் பக்கத்தில் வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

“அம்மாச்சி உன்னைத்தான் பிடிச்சாங்க.”

“ஆமா.”

“நீ ஏன் ஓடுன?”

“இழுத்தாங்க.”

மகள் பெஞ்சைப் பார்த்தாள். அம்மா துண்டைப் போர்த்திக்கொண்டு, தரையை எட்டாத கால்களோடு உட்கார்ந்திருந்தாள். நாற்பது கிலோகூட இருக்க மாட்டாள்.

“அம்மாச்சியா?” என்று கேட்டாள்.